திங்கட்கிழமை ஓசோன்

ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானி டாக்டர் திம்மப்பன் பெங்களூரிலிருந்து வரும்போது இரண்டு வரைபடத் தாள்களைச் சுருட்டி எடுத்துவந்திருந்தார். ஓசூர் சிப்காட்டில், ஒளியை அளக்கும் கருவிகளைச் செய்துகொண்டிருந்த ஒரு சிறிய தொழிற்கூடத்தின் சோதனை அறைக்குத்தான் அவர் வந்தார். அதன் பொறுப்பாளர் முனிலட்சுமியின் மேசைமேல் தாள்களை ஒன்றின்கீழ் ஒன்றாக விரித்தார். அவை மறுபடியும் சுருண்டுகொள்ளாதிருக்க, கைக்கு எட்டிய திருப்புளிகளையெல்லாம் எடுத்து மூலைகளில் வைத்தார்.

“மேல இருக்கறது பக்கத்துல இருக்கற வேற நாட்டுக்காரங்க தளம். கீழ இருக்கறது நம்ம தளம். ரெண்டுக்கும் நடுவுல, இங்கருந்து கிருஷ்ணகிரி போற தூரங்கூட இல்ல. நோடி,” என்றார்.

முனிலட்சுமி பார்த்தாள். மேல்தாளின் கோடு ஆகஸ்டு முடிவில் சரியத் தொடங்கி, அக்டோபரில் கிணறுபோல் ஆழ்ந்து, நவம்பரில் தட்டுத்தடுமாறி மேலேற முயன்றுகொண்டிருந்தது. கீழ்த்தாளின் கோடு அந்த மாதங்கள் முழுவதும் ஏரிக்கரைபோல் மட்டமாகக் கிடந்தது.

இரண்டும் அண்டார்டிகாவின் வானத்தைப் பற்றியவை. 1991ஆம் ஆண்டின் அந்த நவம்பரில், தென்துருவத்தின்மேல் ஓசோன் குறைகிறது என்பது செய்தித்தாள் படிப்பவருக்கெல்லாம் தெரிந்த சேதிதான். அது ஆண்டு முழுவதும் குறைந்தே கிடப்பதில்லை, பருவம் பார்த்துக் குறைந்து பருவம் பார்த்து மீள்கிறது என்பதைத்தான் பலர் அறிந்திருக்கவில்லை. அங்கே குளிர்காலத்தின் நடுவில் வாரக்கணக்கில் சூரியன் எழுவதே இல்லை. தரைக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் மேலே, அடுக்குமண்டலக் காற்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டு, வெளிக்காற்று புகாதபடி கதவடைத்துக்கொள்கிறது. அந்த இருட்டிலும் குளிரிலும் மெல்லிய பனிமேகங்கள் உண்டாகின்றன. குளிர்ப்பெட்டிகளிலிருந்தும் தெளிப்பான்களிலிருந்தும் கசிந்து மேலே போன வாயுக்களின் குளோரின், அதுவரை சாதுவாக இருந்தது, அம்மேகத் துகள்களின்மேல் உருமாறிக் காத்திருக்கிறது. வசந்தத்தில் சூரியன் திரும்பியதும் ஓசோனை அழிக்கத் தொடங்குகிறது. பிறகு வெயில் ஏறிச் சுழல் உடைந்தால், வெளிக்காற்று உள்ளே பாய்ந்து, ஓசோன் மீள்கிறது. இத்தனையும், பத்து இலட்சத்தில் சில பங்குகூடத் தேறாத வாயுக்களின் விவகாரம். ஆனாலும் அதன் நாள்காட்டி பிசகுவதில்லை.

கீழ்த்தாளில் மட்டும் பிசகியிருந்தது.

“மூணு வழிதான் இருக்கு,” என்றார் டாக்டர் திம்மப்பன். “ஒண்ணு, நம்ம தளத்துக்கு மேல மட்டும் தனி வானம். அது ஆகாது. ரெண்டு, நீங்க செஞ்சு குடுத்த அளக்கற பொட்டி தப்பு. மூணு, பொட்டிய வச்சுப் பாக்கற ஆளு தப்பு. வெளியில அவ்வளவு குளிரு, உள்ள கட்டிலு, கம்பளி. படுத்துக்கினே நம்பர் எழுதினா கோடு இப்படித்தான் வரும். நேத்து எழுதினதுல கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் கொறச்சு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் மூணாவதுன்றாங்க. அந்த ஆளு பேருக்கு நேரா அப்படியே எழுதி, ரிப்போர்ட்ட முடிச்சுடலாம்னு இருக்காங்க. அதுக்கு முன்னாடி பொட்டி செஞ்சவங்களயும் ஒரு வார்த்த கேக்கலாம்னு வந்தேன்.”

“அந்த ஆளு மாதப்பன் சார். என் கூடப் பொறந்த அண்ணன்.”

டாக்டர் திம்மப்பன் ஒரு திருப்புளியை எடுத்துப் பார்த்துவிட்டு அதே மூலையில் மீண்டும் வைத்தார். “ஹௌதா, அப்படியா? அப்ப நீங்க பொட்டிதான் தப்புன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்களே.”

“பொட்டிய செஞ்சதும் நான்தான் சார். அது தப்புன்னு நானே எதுக்குச் சொல்லிக்கப் போறேன்?”

“அதுவும் சரி,” என்று அவர் சிரித்தார். “அவங்களக் கூட்டிக்கினு வர்ற கப்பல் கோவாலருந்து கெளம்பறதுக்குள்ள ரிப்போர்ட் போவணும். அதுக்குள்ள ஏதாவது தெரிஞ்சா ஃபோன் பண்ணுங்க. தெரியலன்னா, எழுதறத எழுதிடுவாங்க.”

அவர் போன பிறகு முனிலட்சுமி நெடுநேரம் அந்த மூன்றாவது வழியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் அப்படிச் செய்யமாட்டான் என்று சொல்லிவிட அவளுக்கும் ஆசைதான். ஆனால், மாதப்பன் இதே தொழிற்கூடத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன்; ஜெனரேட்டர் அவன் பொறுப்பில் இருந்தது. மின்வெட்டின்போது ஜெனரேட்டர் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் எண்ணெய் அழுத்தம், வெப்பம் முதலியவற்றைப் பார்த்துக் குறிக்கவேண்டும் என்பது விதி. மாதப்பன் அவற்றை வாரம் முழுவதற்குமாகச் சனிக்கிழமை மாலை ஒரே மூச்சில் எழுதுவான். ஒரே நாளில் எழுதியதாகத் தோன்றாமலிருக்கப் பேனாவை மாற்றி மாற்றி எழுதுவான். எல்லாருக்கும் தெரியும், ஜெனரேட்டருக்கு எதுவும் ஆகவில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை. அதே கைதான் அங்கேயும் எழுதுகிறது.

ஆகவே அவள் தெரிந்துகொள்ள விரும்பியது, அண்ணனை எப்படிக் காப்பாற்றலாம் என்பதையன்று. அவன் உண்மையில் பார்த்தானா, பார்த்தான் என்றால் அந்தக் கோடு ஏன் சரியவில்லை என்பதை.

கருவிக்குத் தொழிற்கூடத்தில் ‘நாலுகண்’ என்று பெயர். சூரிய ஒளியின் புற ஊதாப் பகுதியில் நான்கு அலைநீளங்களை நான்கு வடிகட்டிகளின் வழியே தனித்தனியாக அளப்பது. ஓசோன் முதற்கண்ணுக்கு வரும் ஒளியை மிகுதியாக விழுங்கும். இரண்டாவதை அதைவிடக் குறைவாக. மூன்றாவதை இன்னும் குறைவாக. நான்காவதை அநேகமாகத் தொடாது. முதற்கண்ணையும் நான்காம் கண்ணையும் ஒப்பிட்டால், தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் என்று கணக்கிட்டுவிடலாம். நடுவிலுள்ள இரண்டும் சரிபார்ப்பதற்காக வைக்கப்பட்டவை. சரிபார்ப்பதற்காக வைக்கப்பட்டவற்றை உலகம் எப்படி நடத்துமோ, அப்படியே அவையும் நடத்தப்பட்டன.

இரண்டு கருவிகள் செய்திருந்தார்கள். ஒன்று சென்ற டிசம்பரில் மாதப்பனோடு கப்பலேறிப் போயிற்று. அதற்கான மேடையைக் கட்டி முடிப்பதற்குள் அங்கே இருட்டுக்காலம் வந்துவிட்டதால், பெட்டியிலேயே கிடந்து, சூரியன் திரும்பிய பிறகுதான் வேலையைத் தொடங்கியது. இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, ஓசூரில் தொழிற்கூடத்தின் கூரைமேல் இருந்தது. அந்த இரண்டாவது ஒரு வேடிக்கை செய்துகொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் ஓசூரின் ஓசோனைக் கூட்டிக் காட்டும். செவ்வாயன்று இறங்கிவிடும். சனிக்கிழமை வரை ஒழுங்காக இருக்கும். மறுபடியும் திங்களன்று கூடும். தொழிற்கூடத்தில் இதற்குத் ‘திங்கட்கிழமை ஓசோன்’ என்றே பேராகிவிட்டது.

“ஞாயித்துக்கெழம வூட்ல கறி தின்னுட்டு வர்றதுல்ல? அந்தத் தெம்பு,” என்பான் லேத்தில் வேலைசெய்யும் ஆஞ்சப்பன்.

முனிலட்சுமியின் விளக்கம் இதைவிடக் கௌரவமானது. ஞாயிறன்று சிப்காட்டின் ஆலைகள் ஓய்கின்றன; கர்நாடக எல்லைச் சோதனைச்சாவடியில் காத்துநிற்கும் லாரிகளும் குறைகின்றன; புகையில் உள்ள நைட்ரஜன் வாயுக்கள் குறைவதால் ஓசோன் கூடுகிறது. டாக்டர் திம்மப்பனிடமும் ஒருமுறை சொல்லியிருந்தாள், அவரும் தலையாட்டியிருந்தார். கௌரவமான விளக்கம் என்பதாலேயே அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

இப்போது அவளுக்கு அது உறுத்தியது. புகைதான் காரணமென்றால், ஆலையும் லாரியும் இல்லாத இடத்தில் நாலுகண் காலைமுதல் மாலைவரை கூட்டியே காட்டவேண்டும். காட்டாவிட்டால், மாறுவது வானமன்று, பெட்டி. இங்குள்ள பெட்டி மாறும் என்றால் அங்குள்ளதும் மாறும்.

ஆலையில்லாத இடம் தேடி அவள் எங்கும் அலையவேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய சொந்த ஊரான பேரிகையில் தக்காளித் தோட்டங்களும் ராகி வயல்களும்தான் இருந்தன. சனிக்கிழமை மாலை, ஸ்டோர் பொறுப்பாளர் கங்கப்பன் வழக்கம்போல் மரப்பெட்டிக்குள் அடக்கி மூடிவைத்த நாலுகண்ணை அப்படியே வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். ஞாயிறு விடிந்ததும் பேரிகை பஸ்ஸில் ஏறினாள்.

“என்னம்மா அது, கோழியா?” என்று கண்டக்டர் பெட்டியைத் தட்டினார்.

“தட்டாதீங்கண்ணா. வானத்துல இருக்கற வாயுவ அளக்கற மெஷின்.”

“எந்த வாயு?”

“ஓசோன்.”

“எங்க அப்பனுக்கும் வாயுத்தொல்லதான். எடுத்தாந்து காட்டட்டுமா?” என்றவர், பஸ்ஸே சிரித்ததும், தாமும் சிரித்துக்கொண்டு, பெட்டிக்கு உட்கார ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

வீட்டில் அண்ணன் மனைவி சரசம்மா ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். பருவமழை மேகம் விலகி அன்று வெயில் பளிச்சென்றிருந்தது. முனிலட்சுமி கருவியை மொட்டைமாடியில் நிறுத்தி முதல் அளவை எடுத்தாள். ஓசோன், திங்கட்கிழமைபோலவே, கூடுதலாகக் காட்டியது. புகை பற்றிய விளக்கம் பிழைத்துக்கொண்டது என்று தோன்றியது. கீழே இறங்கிவந்து, டாக்டர் திம்மப்பன் சொன்னதையெல்லாம் அண்ணியிடம் சொன்னாள்.

சரசம்மா முறத்தைக் கீழே வைக்கவில்லை. “படுத்துக்கினே எழுதறாருன்றாங்களா? வூட்ல படுத்தார்னா, தண்ணிச் சொம்பு தலமாட்டுல இருந்தாலும் என்னத்தான் கூப்புடுவாரு. அது நெசம். இல்லன்னு எப்படிச் சொல்றது?”

“நீங்களே இப்படிச் சொன்னா எப்புடி அண்ணி?”

“பொய்யா சொல்லச் சொல்ற? ஆனா லட்சுமி, ரேடியோவுல பேசினப்ப, சூரியன் வந்துடுச்சு சரசு, சூரியன் வந்துடுச்சுன்னு சின்னப் புள்ளயாட்டம் கத்தினாரு. கல்யாணத்தன்னிக்கிக்கூட அந்த மனுசங்கிட்ட அவ்ளோ சந்தோசத்த நான் பாக்கல. அதப் பாக்காத படுத்துக்கினு இருப்பாரா?” என்றவள், “அத நெனச்சா எனக்குக் கோவம்தான் வருது,” என்று சேர்த்துக்கொண்டாள்.

நண்பகல் தாண்டியதும் முனிலட்சுமி மறுபடியும் அளந்தாள். குறைந்திருந்தது. பொழுது சாயுமுன் இன்னொரு முறை அளந்தாள். மேலும் குறைந்து, ஓசூரின் செவ்வாய்க்கிழமை அளவுக்கு வந்து நின்றது. அவள் நாற்புறமும் பார்த்தாள். தக்காளித் தோட்டத்தில் ஒருவர் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். தெற்கே ஒரு வீட்டில் அடுப்புப் புகை, அதுவும் ஒரு நூல்போல. பேரிகையில் காலைக்கும் மாலைக்கும் இடையே ஓர் ஆலை முளைத்திருக்கவில்லை.

எனவே பெட்டிதான். காலையில் பெட்டிக்குள் ஏதோ ஒன்று இருந்தது, மாலைக்குள் போய்விட்டது. வந்தது எது, போனது எது?

சரசம்மா காப்பியோடு மேலே வந்தாள். திறந்துகிடந்த மரப்பெட்டியைத் தாண்டும்போது நின்று மூக்கைச் சுளித்தாள். “இதுக்குள்ள பட்டுப்பொடவயா வச்சிருந்த?”

“பொடவயா? எதுக்குக் கேக்கறீங்க?”

“பாச்ச உருண்ட நாத்தம் அடிக்குதே.”

முனிலட்சுமி குனிந்து முகர்ந்தாள். மரவாசனைதான் வந்தது. மறுபடியும் முகர்ந்தாள். “எனக்கு ஒண்ணும் தெரியலியே அண்ணி.”

“ஒனக்கு எங்கருந்து தெரியும்? ஒம் மேலயும் அதே நாத்தம்தான். ஒங்க கம்பெனிலருந்து எது வந்தாலும் இப்புடித்தான். அவரு சட்ட, போனஸுக்குக் குடுத்த துண்டு, காலண்டரு, எல்லாம். துண்ட மூணுவாட்டி தொவச்சேன், போவல.”

முனிலட்சுமி காப்பியை வாங்காமலேயே நின்றாள். பூச்சி அண்டாதிருக்கத் துணிகளுக்கிடையே போடும் வெள்ளை அந்துருண்டை. திரியும் வேண்டாம் தீயும் வேண்டாம். தானே காற்றாகிக் கரைந்துபோகும். குளிர்ந்த பரப்பு கிடைத்தால் மறுபடியும் அதன்மேல் படியும். வேதியியல் பாடத்தில் நாப்தலீன் என்று படித்தது. புற ஊதா ஒளியை அது விழுங்குமா என்று மட்டும் அவள் படித்திருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை நேராக ஸ்டோருக்குப் போனாள்.

“ஆமா, நான்தான் போடறேன்,” என்றார் கங்கப்பன், பாராட்டை ஏற்றுக்கொள்பவர்போல. “சனிக்கெழம மூடறப்ப பொட்டிக்கு அடியில, கண்ணுக்குத் தெரியாத பஞ்சுக்குக் கீழ நாலு உருண்ட. முன்ன ஒருவாட்டி மெஷினு ஒண்ணு போன எடத்துலருந்து திரும்பி வந்துச்சே, ஒயரையெல்லாம் கரப்பான் தின்னுட்டுதுன்னு, மறந்துட்டியாம்மா? அன்னிக்கி மொதலாளிகிட்ட திட்டு வாங்கினது நான்தான. அதுக்கப்பறம் இந்த ஸ்டோர்ல ஒரு பூச்சிய நீ பாத்திருக்கியா?”

“பாக்கலண்ணா. அண்டார்டிகாவுக்குப் போன பொட்டிக்குள்ளயும் போட்டீங்களா?”

“போடாத அனுப்புவனா? அது அவ்ளோ தூரம் போவுது. வெளிப்பொட்டில போட்டா பத்தாதுன்னு, மெஷினோட மூடியத் தொறந்து, உள்ளயே ஒரு துணியில முடிஞ்சு கட்டி வச்சேன். முடிச்சு நெறைய.”

“பனிப்பாறைல ஏதுண்ணா கரப்பான்?”

“கப்பல்ல இருக்குமேம்மா!” என்றார் கங்கப்பன்.

நியாயமான முன்யோசனைதான். நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, அவர் முகத்திலிருந்த பாராட்டு மெல்ல இறங்கியது. “என்னாலயா மாதப்பனுக்கு இந்தப் பேரு? நான் வேணும்னா பெங்களூரு வந்து அந்த டாக்டரு கால்ல...”

“காலெல்லாம் வேணாம். நாலு உருண்ட குடுங்க, போதும்.”

அந்த வாரம் முழுவதும் கூரைமேல் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உருண்டைகளை உள்ளே வைத்து ஓரிரவு குளிரவிட்டால், முகப்பிலுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியின் உட்புறத்தில், தேடினால்மட்டுமே தெரியும் மங்கல் ஒன்று படிந்தது. கண்ணாடியின் அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியும் ஒளியெல்லாம் தாராளமாகப் போயிற்று. முதற்கண்ணுக்கு வரும் புற ஊதா ஒளி குறைந்தது. கருவி அதை ஓசோன் என்று எண்ணிக்கொண்டது. வெயில் ஏறப் படலம் கரைந்தது, ‘ஓசோன்’ குறைந்தது. துருவத்தில் நடந்திருக்கக்கூடியதும் விளங்கிற்று. உள்ளே, கருவி உறையாதிருக்க வைத்த சூடேற்றியும் அந்த முடிச்சும். வெளியே கடுங்குளிரில் கண்ணாடி. வானத்தில் ஓசோன் குறையக் குறைய, பெட்டி அந்தக் குறையை நிரப்பிக்கொண்டிருந்திருக்கும். நவம்பரில் வானம் மீளத் தொடங்க, முடிச்சு தீரத் தொடங்கியிருக்கும். இரண்டு பருவங்கள், ஒன்று வெளியே ஒன்று உள்ளே, ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஏரிக்கரைபோல் ஒரு கோட்டை வரைந்திருக்கும்.

இருந்திருக்கும், வரைந்திருக்கும்: இப்படி முடியும் வாக்கியங்களைக் கொண்டு ஒருவனுடைய பேரை மீட்கமுடியாது என்பதை அவள் அறிவாள். மட்டமான கோட்டைக் கட்டிலில் படுத்துக்கொண்டும் வரையலாம், அந்துருண்டையாலும் வரையலாம். எது என்று பிரித்துக்காட்ட ஒன்று வேண்டும். அப்போதுதான், இத்தனை காலம் யாரும் பாராத நடுக்கண்களை அவள் பார்த்தாள். ஓசோன் என்றால், விழுங்கும் அளவு முதல், இரண்டு, மூன்று என்று ஒழுங்காகப் படியிறங்கும். அந்துருண்டைக்கு அந்த ஒழுங்கு இல்லை; மூன்றாம் கண்ணின் ஒளியைத் தனிப்பட்ட ருசியோடு விழுங்கியது. மூன்றாம் படி இரண்டாம் படிக்கு மேலே எழுந்து நின்றது.

டாக்டர் திம்மப்பனுக்கு ஃபோன் செய்தாள். அவர் முழுவதும் கேட்டார்.

“நல்லா இருக்கு. ஆனா பக்கத்துக்காரங்க கோட்டுல இருக்கற கிணத்த நீங்க பாத்துட்டீங்களே. எவ்வளவு கழிச்சா கிணறு வரும்னு தெரியும். அவ்வளவு கழிச்சுட்டீங்கன்னு சொல்வாங்க. தங்கச்சி வேற.”

“தெரியும் சார். அதனால நான் கழிக்கப் போறதில்ல. மூணாங்கண்ணு இவ்ளோ மேல நின்னா மொதக்கண்ணுல இவ்ளோ கழிக்கணும்னு, இங்க கூரமேல பாத்த விகிதம் ஒண்ணு இருக்கு. அத இப்பவே சொல்லிடறேன், எழுதிக்குங்க. அதுக்கப்பறம் அங்கருந்து நாலு கண்ணோட அளவும் வரட்டும். கணக்க நீங்களே போடுங்க. நான் தொட மாட்டேன்.”

அவர் விகிதத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். “அந்த ஆளு நாலு கண்ணயும் எழுதி வச்சிருப்பாரா? நாங்க கேட்டது கடைசி நம்பர் மட்டும்தான்.”

“அது எனக்குத் தெரியாது சார்,” என்றாள் முனிலட்சுமி.

துருவத்தோடு பேசும் நாளில் அவள் பெங்களூருக்குப் போனாள். ஆய்வு நிறுவனத்தின் ரேடியோ அறையில் ஒரே இரைச்சல். அதன் நடுவிலிருந்து அண்ணனின் குரல், வாளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் வந்தது.

“யாரு, லட்சுமியா? எல்லாருமா சேர்ந்து என்னத் திருடன்னு சொல்றாங்களாமே. ஓவர்.”

சுற்றியிருந்தவர்கள் தாள்களைப் பார்த்தார்கள். அவள் ஒலிவாங்கியை அழுத்தினாள். “அண்ணா, நேரா கேக்கறேன். நம்ம ஜெனரேட்டர் கணக்கு எழுதுவியே, அந்த மாதிரி எழுதினியா? ஓவர்.”

ஆபரேட்டர் இரைச்சலைத் தணிக்க ஒரு குமிழைத் திருகினார். பிறகு குரல் வந்தது.

“நீ கேக்கலாம். மத்தவன் கேட்டா கோவம் வரும். அங்க ஜெனரேட்டர் நின்னா ஒடனே நாலு பேரு கத்துவான், போய்ப் பாத்துக்கலாம். அத எழுதி என்னா ஆவுது? இது அப்படியில்ல லட்சுமி. ரெண்டு மாசம் இருட்டு. அப்பறம் ஒரு நாளு சூரியன் ஓரத்துல வந்து கொஞ்ச நேரம் நிக்குது. அந்த நேரத்த வுட்டுட்டா அதப் பாத்தவன் ஒலகத்துல எவனும் இல்ல. அத எப்படிப் படுத்துக்கினு எழுதறது? ஓவர்.”

“நாலு கண்ணயும் குறிச்சியா? ஓவர்.”

“நாலு கண்ணு வச்சுக் குடுத்தது நீதான? ரெண்ட மட்டும் பாத்தா மத்த ரெண்டுக்கும் எதுக்கு வடிகட்டி? குறிச்சிருக்கேன். எவனும் கேக்கல. ஓவர்.”

மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னாள். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். திரும்பிவந்த குரலில் வியப்பு இருந்தது. “உள்ள ஒரு துணி முடிச்சு இருக்குது. பிரிச்சா ஒண்ணுமே இல்ல, காலி. எந்த மடையன் காலித் துணிய முடிச்சுக் கட்டினான்? ஓவர்.”

அந்துருண்டை, சாட்சி சொல்ல ஒரு துணுக்கையும் மிச்சம் வைக்கவில்லை.

நான்கு கண்களின் அளவுகளும் டெலக்ஸில் வந்தன. டாக்டர் திம்மப்பன் அவற்றை முனிலட்சுமிக்குக் காட்டாமல், அவள் முன்பே சொன்ன விகிதத்தை வைத்துத் தாமே கணக்கிட்டார். அடுத்த ரேடியோ நாளுக்கு அவளை வரச்சொன்னபோது முடிவு என்ன என்பதைச் சொல்லவில்லை. அவள் சரசம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். இந்த முறை அண்ணிதான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள்.

அறையில் மேசைமேல் புதிய தாள் ஒன்று விரித்திருந்தது. அதன் கோடு செப்டம்பரில் சரிந்து, அக்டோபரில் ஆழ்ந்தது. டாக்டர் பக்கத்துத் தளத்தாரின் தாளை அதன்மேல் வைத்து, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். இரு கிணறுகளும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்திவிடவில்லை. நம்முடையது சற்று ஆழம் குறைவு. ஓரிடத்தில் ஒரு பல் துருத்திக்கொண்டிருந்தது.

“சரியா உக்காரல சார்,” என்றாள் முனிலட்சுமி.

“உக்காந்திருந்தா உங்க மேல சந்தேகப்பட்டிருப்பேன்,” என்றார் அவர். தாள்களை மேசைமேல் வைத்து, மூன்றாம் கண்ணின் எண்களை விரலால் காட்டினார். செப்டம்பரில் அது இரண்டாவதற்கு மேலே நின்றது. அக்டோபர் முழுவதும் நின்றது. நவம்பரில் நாளுக்கு நாள் தாழ்ந்து, மாத முடிவில் படி தன் இடத்துக்கு வந்துவிட்டது. “எங்க மீட்டிங்குல இதத்தான் கேட்டேன். கட்டில்ல படுத்துக்கினு நம்பர் எழுதறவன் ஓசோன எழுதுவான், சரி. யாரும் கேக்காத கண்ணுல, யாருக்கும் தெரியாத பாச்ச உருண்டைய, அது கரையற வேகத்துலயே எழுதுவானான்னு கேட்டேன். ரிப்போர்ட்ல அவர் பேருக்கு நேரா எழுதினத அடிச்சாச்சு.”

சரசம்மா இதை முழுவதும் கேட்டுவிட்டு, “அப்ப அவரு பாத்தாருன்னு முடிவாயிடுச்சு?” என்று கேட்டாள்.

“முடிவாயிடுச்சும்மா.”

“நல்லது,” என்று சொல்லி அவள் ஒலிவாங்கியின் முன்னே நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள். இரைச்சலுக்கு நடுவே மாதப்பன் வந்ததும், “நான்தான் பேசறேன்,” என்றாள். “ஒங்களக் காப்பாத்தினது என் மூக்கு. வந்ததும் அந்தச் சட்டயெல்லாம் வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க.”

“ஓவர்னு சொல்லுங்கம்மா,” என்றார் ஆபரேட்டர்.

“எதுக்கு? நான் இன்னும் பேசி முடிக்கலியே.”

அவள் பேசி முடிக்கச் சிறிது நேரமாயிற்று. பிறகு முனிலட்சுமி முறை வந்தபோது, அண்ணன் அவளைக் கேட்கவிடாமல் முந்திக்கொண்டான்.

“லட்சுமி, ஒண்ணு சொல்றேன், மறுபடியும் சண்டைக்கு வராதீங்க. முடிச்ச எடுத்துப் போட்டாச்சு. கண்ணாடிய நீ சொன்ன மாதிரி தொடச்சாச்சு. ஆனா நேத்துலருந்து ஓசோனு மளமளன்னு ஏறுது. காலைல பாத்தது ஒண்ணு, சாயங்காலம் பாத்தது ஒண்ணு. நான் எதயும் மாத்தல. இது என்னா? ஓவர்.”

டாக்டர் திம்மப்பன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “மூணாங்கண்ண கேளுங்க,” என்றார் தணிந்த குரலில்.

“மூணாங்கண்ணு எப்புடி இருக்குது? ஓவர்.”

“படி ஒழுங்கா எறங்குது. மூணு தடவ பாத்துட்டேன். ஓவர்.”

முனிலட்சுமி டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பக்கத்துத் தளத்தாரின் தாளைத் தேடவில்லை. அந்தத் தாள் நவம்பரிலேயே முடிந்திருந்தது. இன்றைய வானத்துக்கு அதில் கோடு இல்லை. மேலே சுழல் உடைகிறதா, உடைந்து வெளிக்காற்று உள்ளே புகுகிறதா, அல்லது அதன் ஓரம் ஒரு நாள் தளத்தின்மேலிருந்து நகர்ந்து மறுநாள் திரும்பிவிடுமா என்பதைச் சொல்ல அவர்களுக்கு அங்கே ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

டாக்டர் ஒலிவாங்கியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“மாதப்பன், நான் திம்மப்பன் பேசறேன். நாளைக்கு நீங்க எத்தன தடவ பாக்க முடியும்? ஓவர்.”

“சூரியன் இப்ப மறையறதே இல்ல சார்,” என்றது வாளிக்குள்ளிருந்து குரல். “ஒங்களுக்கு எத்தன வேணும்னு சொல்லுங்க. ஓவர்.”